சீட்டுக் குலுக்கலா, தரப்புக்கு ஒருவரா? தொழிலாளர் தகராறுக்கு நடுவர் தேடும் மூன்று வழிகள்

கூலிப் பிடித்தம் பற்றிய ஒரு வழக்குக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அலுவலகத்தில் எங்களுக்குக் காட்டப்பட்ட பதிவேட்டில் எல்லோருக்கும் முழு நாள் கூலி எழுதப்பட்டிருந்தது. மாலையில் பழ மூட்டைகள் எடைக்கு வந்தபோது மேஸ்திரி தம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்தார். எடை குறைந்த பெண்களின் பெயருக்கு நேரே அதில் ‘அரை’ என்று பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. எடை போடும் நேரம் வரை காத்திருந்து அந்த நோட்டைக் கேட்க வேண்டும் என்பது என்னுடன் வந்த பழைய தொழிற்சங்கத் தோழருக்குத் தெரிந்திருந்தது. சட்டம் படித்த எனக்குத் தெரியவில்லை. வர்த்தக ஒப்பந்தங்களின் கீழ் எழும் தொழிலாளர் உரிமைத் தகராறுகளுக்கு நடுவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் அந்த நோட்டுதான் நினைவுக்கு வருகிறது.

முதல் வழி, மத்திய அமெரிக்க நாடுகளுடன் அமெரிக்கா செய்துகொண்ட ஒப்பந்தத்தில் உள்ளது. தன் தொழிலாளர் சட்டங்களைச் சரிவரச் செயல்படுத்தவில்லை என்று குவாத்தமாலா மீது எழுந்த புகார் 2008-இல் தொடங்கி, 2017-இல்தான் தீர்ப்பைக் கண்டது. மூவர் குழுவின் தலைவர் தொழிலாளர் சட்டப் பேராசிரியர். மற்ற இருவரும் வர்த்தகச் சட்டத்தில் பெயர் பெற்றவர்கள், அவர்களில் ஒருவர் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வில் இருந்தவர். 8 பணியிடங்களில் 74 தொழிலாளர்கள் தொடர்பாக நீதிமன்ற உத்தரவுகள் நிறைவேற்றப்படவில்லை என்று குழு ஏற்றுக்கொண்டது. ஆயினும் அது வர்த்தகத்தைப் பாதிக்கும் வகையில் தொடர்ச்சியாக நடந்ததாக நிறுவப்படவில்லை என்று கூறி அமெரிக்காவின் வழக்கைத் தள்ளியது. ஒப்பந்தத்தின் வாசகமே அவர்கள் கையைக் கட்டியது என்பது உண்மை; அதற்காகப் பழியை முழுவதும் நடுவர்கள் மீது போடுவது நியாயமாகாது.

ஐரோப்பிய ஒன்றியமும் தென் கொரியாவும் கொண்ட முறை வேறு. குறைந்தது 15 வல்லுநர்கள் கொண்ட பட்டியலை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். அதில் 5 பேராவது இரு தரப்பையும் சாராத வெளிநாட்டினர். தரப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க, அந்த இருவரும் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கொரியா மீது ஐரோப்பிய ஒன்றியம் எழுப்பிய புகாரை விசாரித்து 2021 ஜனவரியில் அறிக்கை தந்த குழுவின் மூவரும் சட்டக் கல்வித்துறையினர். கொரியச் சட்டம் ‘தொழிலாளி’ என்று யாரைச் சொல்கிறது, சங்கம் சேரும் உரிமைக்கு அது பொருந்துகிறதா என்பதே கேள்வி என்பதால், அந்தத் தேர்வு சரியாகவே அமைந்தது. தண்டத்தொகையோ வரித்தடையோ விதிக்க அதிகாரமில்லாத குழு அது. அப்படியிருந்தும் அதே ஆண்டு ஏப்ரலில் கொரியா சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29, 87, 98-ஆம் உடன்படிக்கைகளை (முறையே கட்டாய உழைப்புத் தடை, சங்கம் சேரும் உரிமை, கூட்டுப் பேர உரிமை பற்றியவை) ஏற்புறுதி செய்தது.

மூன்றாவது, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க–மெக்சிகோ–கனடா ஒப்பந்தத்தின் துரித நடவடிக்கை முறை. அமெரிக்காவும் மெக்சிகோவும் கொண்ட ஏற்பாட்டில் மூன்று பட்டியல்கள் உண்டு: அமெரிக்காவினுடையது ஒன்று, மெக்சிகோவினுடையது ஒன்று, இருவரும் ஒத்துக்கொண்ட, இரு நாட்டுக் குடிமக்களும் அல்லாதவர்களின் பொதுப் பட்டியல் ஒன்று. பட்டியலுக்கு ஒருவராகச் சீட்டுக் குலுக்கி எடுப்பதால், இந்த வழக்குக்கு இன்னாரைப் போடுவோம் என்று எவரும் கணக்குப் போட முடியாது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தகுதி பற்றிய வாசகம்: தொழிலாளர் சட்டமும் நடைமுறையும் தெரிந்திருப்பதோடு, தேவைக்கேற்பப் பணியிடங்களை நேரில் ஆய்வு செய்த அனுபவமும் வேண்டும் என்கிறது. புகார் ஒரு குறிப்பிட்ட ஆலையைப் பற்றியது, குழு அங்கேயே சென்று சரிபார்க்கக் கோரலாம் என்பதால் இது வெறும் அலங்காரம் அன்று. ஆனால் நல்ல ஆள்தேர்வு மட்டும் போதாது என்பதையும் இந்த முறையே காட்டியது. அதன் முதல் குழு, மெக்சிகோவிலுள்ள சான் மார்ட்டின் சுரங்கம் பற்றிய வழக்கில், தனக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று 2024-இல் முடிவு சொன்னது.

பணியிடத்தை அறிந்தவர் நடுநிலையாளராக இருப்பாரா என்ற மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சேலத்தில் தொழிலாளர் வழக்கு நடத்துகிறவர்களைப் பார்த்தாலே, நிர்வாகத் தரப்பு, சங்கத் தரப்பு என்று பெயர் விழுந்துவிடுகிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 10-ஏ பிரிவு, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு நடுவரை வைத்துக்கொள்ள வழி தந்தது. ஆனால் பெயரைச் சொன்னதுமே, “அவர் அந்தப் பக்கத்து ஆள்” என்று பேச்சு முறிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இங்கேதான் வெளிநாட்டினரின் பொதுப் பட்டியலும் சீட்டுக் குலுக்கலும் கைகொடுக்கின்றன. தகராறு வருவதற்கு முன்பே ஒப்புக்கொண்ட பெயர்களை, தகராறு வந்த பிறகு மறுப்பது கடினம். ஆகவே சட்ட வாசகம் பற்றிய கேள்விக்குக் கொரிய வழக்கின் முறையும், ஆலைக்குள் நடந்தது பற்றிய கேள்விக்கு மெக்சிகோ முறையும் ஏற்றவை என்பது என் முடிவு.

இந்தியா இன்னும் 87, 98 உடன்படிக்கைகளை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தத்தில் தொழிலாளர் அத்தியாயம் இடம்பெற்றிருக்கிறது. இனிவரும் ஒப்பந்தம் ஏதேனும் நடுவர் பட்டியல் கேட்குமானால், நம் தரப்புப் பெயர்களில் பேராசிரியர்களோடு, இளம்பிள்ளைத் தறிக்கூடங்களிலும் சேர்வராயன் தோட்டங்களிலும் ஆண்டுக்கணக்கில் பதிவேடு சரிபார்த்து ஓய்வுபெற்ற தொழிலாளர் ஆய்வாளர் ஒருவராவது இருக்க வேண்டும். அலுவலகப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, எடை மேடைக்குப் போய் மேஸ்திரியின் நோட்டைக் கேட்கத் தெரிந்தவர் அவர்.