டெம்ப்ளேட்டை பில்டிலேயே கம்பைல் செய்ய எது தோது: ஹேண்டில்பார்ஸா, இஜேஎஸ்ஸா, ‘பக்’ஆ, லிட்டா?

டெம்ப்ளேட் என்பது தரவை நிரப்ப இடம் விட்ட பக்க அச்சு; தலைப்பில் உள்ள நான்கும் அதை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள். லிட்டைத் தவிர மற்றவற்றில் அது கடைசியில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனாகத்தான் மாறுகிறது; இதுதான் கம்பைல். இந்த மாற்றத்தைப் பிரவுசரிடம் விட்டால் கம்பைலரையும் பயனருக்குச் சேர்த்து அனுப்ப வேண்டும். போதாததற்கு, சரத்திலிருந்து (எழுத்துத் தொடரிலிருந்து) ஃபங்ஷன் உருவாக்குவதைத் தடுக்கும் பாதுகாப்புக் கொள்கை தளத்தில் இருந்தால் பக்கமே வராது. ஆகவே பில்டிலேயே, அதாவது தளத்தை வெளியிடத் தயாரிக்கும் கட்டத்திலேயே, முடித்துவிடுவது நல்லது. எதை வைத்து என்பதுதான் கேள்வி.

ஏற்கெனவே ஹெச்டிஎம்எல் கோப்புகள் குவிந்து கிடக்கிறதென்றால் என் ஓட்டு ஹேண்டில்பார்ஸுக்கு. முன்கூட்டியே கம்பைல் செய்துவிட்டால் பிரவுசருக்குச் சின்ன ரன்டைம் கோப்பு (கம்பைல் ஆனதை ஓட்டும் பகுதி) மட்டும் போதும். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் தேவை. பில்ட் மெஷினில் குளோபலாகப் போட்ட பழைய கம்பைலர், பண்டிலில் (பிரவுசருக்குப் போகும் தொகுப்பில்) புதிய ரன்டைம் என்று இருந்தால், டெம்ப்ளேட் பழைய பதிப்பில் கம்பைல் ஆனது என்று பிழை வரலாம். இரண்டையும் ஒரே பேக்கேஜிலிருந்து எடுப்பதே தீர்வு. அடுத்தது ஹெல்பர், அதாவது டெம்ப்ளேட்டுக்குள்ளிருந்து அழைக்கும் நம் சொந்த ஃபங்ஷன். பதிவு செய்ய மறந்த ஹெல்பரை பில்ட் கண்டுகொள்ளாது. பயனர் அந்தத் திரையைத் திறக்கும்போதுதான் வெடிக்கும். தெரிந்த ஹெல்பர்களின் பட்டியலைக் கம்பைலருக்குக் கொடுத்து, அவை மட்டுமே செல்லும் என்று கட்டாயப்படுத்தினால் பில்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

இஜேஎஸ் கற்க எளிது, சர்வரில் அருமை. பண்டிலுக்குள் கொண்டுவந்தால்தான் தொல்லை. அது உருவாக்கும் ஃபங்ஷனில் இயல்பாகவே ‘வித்’ கூற்று (மாறிகளை முன்னொட்டு இல்லாமல் எழுத விடுவது) இருக்கும். இஎஸ் மாட்யூல்களோ (இம்போர்ட், எக்ஸ்போர்ட் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள்) எப்போதும் ஸ்ட்ரிக்ட் மோட் என்ற கடுமையான விதிகளில் ஓடுபவை, அங்கே ‘வித்’ செல்லாது. ஆப்ஷனில் அதை அணைக்கலாம். அப்புறம் ஒவ்வொரு மாறிக்கும் முன்னால் ‘லோக்கல்ஸ்’ என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். அண்டர்ஸ்கோர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் டெம்ப்ளேட்டிலிருந்து வருபவர்களுக்கு இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு: அங்கே <%= குறி மதிப்பை அப்படியே கொட்டும், <%- எஸ்கேப் செய்யும், அதாவது ஹெச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக்கும். இஜேஎஸ்ஸில் நேர் தலைகீழ்! கோப்பை அப்படியே நகலெடுத்தால் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை (பிறர் ஸ்கிரிப்ட் பக்கத்தில் புகும் வழி) இலவசம்.

பக் எழுத அழகு, கம்பைல் ஆவதிலும் சிக்கல் இல்லை. ஆனால் இடைவெளியை வைத்தே எது எதற்குள் என்று முடிவு செய்யும் மொழி. வெறும் ஹெச்டிஎம்எல் தெரிந்த டிசைனர் ஒருவர் குழுவில் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

லிட் வேறு ரகம். டெம்ப்ளேட் ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே பேக்டிக் (`) சரமாக இருப்பதால் கம்பைல் படி என்று எதுவும் கிடையாது. மற்ற மூன்றும் தருவது சரம். அதை மறுபடி பக்கத்தில் திணிக்கும்போது பயனர் பாதி நிரப்பிய பெட்டி காலியாகும், கர்சரும் போய்விடும். லிட் மாறிய இடத்தை மட்டும் தொடும். திரை அடிக்கடி மாறும் புதிய திட்டமென்றால் யோசிக்காமல் இதை எடுப்பேன். ஒரே குறை: சாதாரண மினிஃபையர் (கோடைச் சுருக்கும் கருவி) அந்தச் சரங்களுக்குள் இருக்கும் வெற்று இடத்தைத் தொடாது, அதற்குத் தனி பிளகின் போட வேண்டும்.