காரைக்குடி 'போர்க்களச் சுற்றுலா': பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"மருது பாண்டியர் போர்க்களச் சுற்றுலா, ராணுவ வரலாற்று நிபுணருடன் ஒரு நாள்" என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. காரைக்குடியில் ஏற்றிக்கொண்டு அங்கேயே இறக்கிவிடுவார்கள். ஆளுக்கு 4,500 ரூபாய். வேன், பங்களா வீட்டில் வாழையிலை விருந்து, நாள் முழுக்க நிபுணரின் விளக்கம் எல்லாம் அதில் அடக்கம். குடும்பமாக ஐந்து பேர் போய் ஏமாந்து வந்தோம். அதே ஆட்கள் இப்போது இரண்டாம் உலகப் போர் நடந்த கோஹிமா, இம்பால் என்று ஆளுக்கு 78,000 ரூபாய்க்கு ஆள் சேர்க்கிறார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன குடும்பங்களின் குழுக்களாகப் பார்த்து அனுப்புகிறார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை.

நிபுணரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படத்தில் ராணுவத் தொப்பியோடு நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருந்தார். பெயருக்கு முன்னால் 'மேஜர்', பின்னால் 'போர் வரலாற்று ஆய்வாளர்'. வேனில் ஏறியவர் முப்பது வயதைத் தாண்டாத பையன். "சார் வரலையா?" என்று கேட்டோம். "நான்தான் சார் டீம் ஹிஸ்டாரியன்" என்றான். எங்களோடு வந்த சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி எந்த யூனிட்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பையன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு காரைக்குடியில் பார்க்க வேண்டிய வீடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

முதல் இடம் திருமயம் கோட்டை. அருமையான கோட்டை, யாரும் கூட்டிப்போகாமலே போய்ப் பார்க்கலாம், தொல்லியல் துறைக்குச் சின்னத் தொகை நுழைவுக் கட்டணம். உச்சியில் இருக்கிற பீரங்கியைக் காட்டி, "இதால்தான் மருது சகோதரர்கள் வெள்ளைக்காரனைச் சுட்டார்கள்" என்றான் பையன். கோட்டை 1687-ல் கிழவன் சேதுபதி கட்டியது. 1801-ல் அது புதுக்கோட்டைத் தொண்டைமான் கையில் இருந்தது, தொண்டைமானோ கிழக்கிந்தியக் கும்பெனி பக்கம். 1799-ல் கட்டபொம்மனைத் திருக்களம்பூர்ப் பக்கம் பிடித்து ஒப்படைத்ததும் அதே தொண்டைமான் தரப்புதான். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதே தெரியாமல் ஒரு போரை எப்படிச் சொல்வது? கட்டபொம்மனை இங்கேதான் தூக்கில் போட்டார்கள் என்றும் ஒரு வரி விட்டான். கயத்தாறு, 16 அக்டோபர் 1799 என்று என் மகளே திருத்தினாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "இப்போது சின்ன மருதுவின் சிறுவயல் போர்க்களம்" என்று சொல்லி ஒரு பெரிய பொட்டலில் இறக்கிவிட்டான். அது சிராவயல். மஞ்சுவிரட்டு நடக்கிற பொட்டல். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த இடம். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா ஆசிரமம் நடத்தி, 1927-ல் காந்தி வந்து அவரைப் பார்த்த ஊர். அந்த ஊருக்கு அதுவே போதுமான பெருமை, மருது பாண்டியரை இரவல் வாங்க வேண்டியதில்லை. சின்ன மருதுவின் மாளிகை இருந்தது அரண்மனை சிறுவயலில், கல்லல் பக்கம். கும்பெனிப் படை நெருங்குகிறது என்றதும் ஊர்க்காரர்களே தீவைத்துவிட்டுக் காட்டுக்குள் போன ஊர் அது. இரண்டும் வேறு வேறு ஊர், வேறு வேறு சாலை. டிரைவர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் அப்பவே சொன்னேன் சார், மேப்புல இதுதான் வருதுன்னுட்டாப்ல" என்றார்.

காளையார்கோவிலில் கோபுரத்தைக் காட்டி, 1772-ஐயும் 1801-ஐயும் ஒரே சண்டையாக்கிவிட்டான். சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதரைக் கர்னல் அக்னியூ சுட்டாராம். முத்து வடுகநாதர் இறந்தது 25 ஜூன் 1772-ல். வந்த படை ஜோசப் ஸ்மித்தும் பான்ஜோரும் நடத்தி வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் மனைவி வேலு நாச்சியார் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போனதும், ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டதும். மருது பாண்டியர் மீது அக்னியூ படையோடு வந்தது அதற்கும் இருபது வருடம் கழித்து. இடையில் ஒரு தலைமுறையே போயிருக்கிறது.

அந்த 1801 போரில் உண்மையிலேயே வியப்பான விஷயம் ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பையன் வாயே திறக்கவில்லை. சிறுவயலைப் பிடித்த கும்பெனிக்காரர்களுக்குக் காளையார்கோவில் கூப்பிடு தூரம் மாதிரிதான் தெரிந்திருக்கும். நடுவில் இருந்தது முள்காடு. ஆகஸ்ட் மாதம் முழுக்க மரம் வெட்டிப் பாதை போட்டுப் பார்த்தார்கள். பகலில் வெட்டுகிறவர்களைக் காட்டுக்குள் இருந்தவர்கள் விடாமல் தாக்கினார்கள். கடைசியில் செப்டம்பர் தொடக்கத்தில் அந்த வேலையையே கைவிட்டு ஒக்கூர்ப் பக்கம் பின்வாங்கினார்கள். பிறகு அரச வம்சத்துப் படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு ஜமீன்தார் என்று அறிவித்து, ஆட்களைப் பிரித்து, அக்டோபர் 1 அன்று பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் புகுந்துதான் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். துப்பாக்கியால் ஆகாததை அறிவிப்பால் சாதித்தார்கள் என்பது என் கருத்து. இதைத்தான் சித்தப்பா அந்த மண்ணில் நின்று கேட்க ஆசைப்பட்டார்.

"எந்தப் பக்கமிருந்து வந்தாங்க தம்பி?"

"நாலா பக்கமும் சுத்தி வளைச்சுட்டாங்க ஐயா."

"நாலா பக்கமும் வளைச்சவன் ஒரு மாசம் எதுக்குய்யா காட்டை வெட்டிக்கிட்டு இருந்தான்? ஆத்திர அவசரத்துக்குத் தண்ணி எங்க எடுத்தான்?"

பையன் சிரித்துக்கொண்டே, "ஐயா நல்லா ரிசர்ச் பண்ணியிருக்கீங்க" என்றான். நாங்கள் பணம் கட்டியது அவன் பண்ணிய ரிசர்ச்சுக்கு.

விருந்து வேனிலேயே நடந்தது, எலுமிச்சைச் சாதப் பொட்டலம்.

மதியத்துக்கு மேல் ஒரு பழம்பொருள் கடைக்குக் கூட்டிப்போனார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத இடம், ஆனால் அங்கேதான் அதிக நேரம் நின்றோம். ஒட்டுப்பலகையில் அறுத்த வளரி (வீசி எறிகிற வளைந்த ஆயுதம்) 900 ரூபாய். "1801 போரில் சுட்ட ஈயக் குண்டு" சின்ன டப்பியில் 1,500 ரூபாய். சித்தப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் ஓட்டை. தொண்டிக்குப் போய் வலை பின்னுகிறவர்களைக் கேட்டால் அது என்ன என்று சொல்லிவிடுவார்கள். வேறு இரண்டு பேர் எங்கள் கண்முன்னே வாங்கினார்கள். சொல்லியும் கேட்கவில்லை. அது உண்மையான குண்டாகவே இருந்தாலும் சிக்கல்தான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமம் இல்லாமல் விற்பது 1972-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஆக, போலி என்றால் மோசடி, அசல் என்றால் குற்றம். "உங்க லைசென்ஸ் எங்கே?" என்று கடையில் கேட்டபோது திடீரென்று மின்சாரம் போய்விட்டது.

இவ்வளவு நேரம் அங்கே போனதால் திருப்பத்தூர் கைவிடப்பட்டது. 24 அக்டோபர் 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர். நினைவு மண்டபம் சுவீடிஷ் மிஷன் மருத்துவமனைப் பக்கம் இருக்கிறது. அதை வேன் ஜன்னல் வழியாகக்கூடக் காட்டவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டதையும், வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி 1818-ல் அங்கே அவரைப் பார்த்ததையும் சொல்ல நினைத்திருந்தோம். வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைத் திரும்பி வரும்போது சித்தப்பாதான் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: "மேஜர் சாருக்கு அன்று உடம்பு சரியில்லை, அதனால் மாற்று ஆள் அனுப்பினோம்." எழுத்தில் வந்தது, நல்லதாகப் போயிற்று. விளம்பரப்படுத்திய ஆள் வரவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு 500 ரூபாய் தருகிறோம், கூகுளில் எதுவும் எழுத வேண்டாம் என்றார்கள். வாங்கவில்லை.

இனி கோஹிமா விளம்பரம். அதில் 'கோஹிமா போர்க் கல்லறை' என்று போட்டிருக்கும் படம் கோஹிமாவே இல்லை. வட்டத் தூண் மண்டபமும் நீளமான தூண் வரிசைகளும் இருப்பது யாங்கோனுக்கு வெளியே தாவ்ச்சான் கல்லறையில். பர்மாவில் இறந்து, கல்லறை இல்லாமல் போன சுமார் 27,000 வீரர்களின் பெயர்கள் அந்தத் தூண்களில்தான் இருக்கின்றன. கோஹிமாவில் இருப்பது மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் கல்லறை. 1944-ல் டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தைச் சுற்றிச் சண்டை நடந்த அதே இடம். 'நிபுணர்' என்று சொல்லிக்கொள்பவர் கோட்டைவிடக்கூடிய விஷயமா இது? நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் போக வெளி மாநிலத்தாருக்கு உள்நுழைவு அனுமதி வேண்டும். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2023 மே மாதத்திலிருந்து மணிப்பூரில் நடந்த இனக் கலவரத்தைப் பற்றியும் இல்லை. பயணம் ரத்தானால் பணம் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றார்கள்.

யார் நடத்தினாலும் சரி, முன்பணம் கட்டும் முன் நிபுணரோடு பத்து நிமிடம் போனில் பேசவேண்டும் என்று கேளுங்கள். அவர் பெயரும், வராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதும் ரசீதிலேயே இருக்கட்டும். போகிற ஊர்களை ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள், சிறுவயலா சிராவயலா என்பதையும் சேர்த்து.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், சிவகங்கைக்கு வர வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். எங்களோடு அதே வேனில் வந்த தேவகோட்டைக் குடும்பமும், ஈயக் குண்டு வாங்கிய அந்த இரண்டு பேரும் இதைப் பார்த்தால் செய்தி அனுப்புங்கள். டப்பியையும் ரசீதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மனுவோடு சேர்க்க வேண்டும்.