டிஃபரன்ஷியலுக்குப் பின்னால் ஓர் இருக்கை: ஒக்காலா டிராக் ரேஸிங் மியூசியம்

31 வருஷம் பஸ் டிப்போவில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் இறக்கி ஏற்றியவன் நான். புளோரிடாவில் டாம்பா பக்கம் இருக்கும் மகன், "உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்குப்பா" என்று ஐ-75 சாலையில் வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டிக் கூட்டிப் போனான். டிராக் ரேஸிங் என்றால் நேர்கோட்டில் கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற கார் பந்தயம். அதில் பேர் பெற்ற ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் 1984-இல் ஒக்காலாவில் திறந்த மியூசியம் அது.

கார்லிட்ஸ் கட்டிய கார்களுக்கு 'ஸ்வாம்ப் ராட்', அதாவது சதுப்பு எலி, என்று பெயர். முதல் எலி 1957-இல் புரூக்ஸ்வில்லில் கால் மைல் ஓட்டத்தில் மணிக்கு 176.40 மைல் வேகம் தொட்டது. அந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சின் முன்னால். ஓட்டுநரோ பின்சக்கர அச்சுக்கும் பின்னால், உண்டிவில் வாரில் கல் இருக்கிற இடத்தில். 'ஸ்லிங்ஷாட்' என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

முட்டி போட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு கால்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல், எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. பாதம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளட்ச் சுழல்கிறது. முகத்துக்கு நேரே, காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் பூட்டிய கிரைஸ்லர் ஹெமி எஞ்சின், குடிப்பது நைட்ரோமீத்தேன் என்ற பந்தய எரிபொருள். ஆயில் கசிந்தால் ஓட்டுநர் கண்ணில் மாட்டிய கண்ணாடியில்தான் தெறிக்கும். பஸ் கிளட்ச்சில் பிரஷர் பிளேட் உடைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான். அந்த இருக்கையைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கியது.

1970 மார்ச் 8, கலிஃபோர்னியாவில் லாங் பீச் பக்கம் லயன்ஸ் என்ற பந்தய ஓடுதளம். டிரான்ஸ்மிஷன் (கியர்பாக்ஸ்) வெடித்து கார் இரண்டு துண்டானது, கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, எஞ்சினைப் பின்னால் வைக்கும் வழியை யோசித்தார். முன்பு பலர் அப்படிக் கட்டி, நேராக ஓட்ட முடியாமல் விட்டுவிட்டார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் சட்டென்று திரும்பாமல் கொஞ்சமாகத் திரும்பும்படி கார்லிட்ஸ் மாற்றியதும் வண்டி நேராக ஓடியது. 1971-இல் பின் எஞ்சின் வைத்த அந்த 14-ஆம் எலியோடு பொமோனாவில் வின்டர்நேஷனல்ஸ் என்ற பெரிய பந்தயத்தை ஜெயித்தார். சில வருஷத்தில் முன் எஞ்சின் டிராக்ஸ்டர்கள் (டிராக் ரேஸ் வண்டிகள்) பெரிய பந்தயங்களிலிருந்து மறைந்தே போயின.

பின் எஞ்சின்தான் உயிரைக் காத்தது, சந்தேகமில்லை. ஆனாலும் அழகு அந்தப் பழைய உண்டிவில்லில்தான். சைக்கிள் சக்கரம் மாதிரி முன்சக்கரங்கள், மூங்கில் போல நீண்ட குழாய்ச் சட்டம், வெல்டிங் தையல் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. மூடி மறைத்த பாகம் குறைவு. தொழில் தெரிந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பழங்கால கார்களுக்குத் தனிக் கட்டடம் இருக்கிறது. அதை வேகமாகச் சுற்றி வந்தோம். போகிறவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள். டிராக்ஸ்டர் கட்டடத்துக்கு முதலில் போங்கள், முட்டி போட்டுப் பாருங்கள்.