பருவுக்கு எது: சாலிசிலிக் அமிலமா, பென்சாயில் பெராக்சைடா?

எண்ணெய் வழியும் முகம், மூக்கோரம் கரும்புள்ளி, நெற்றியில் பொடிப்பொடியாகக் குரு என்றால் 2% சாலிசிலிக் அமிலமே போதும், அது எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கிவிடும். ஆனால் சிவந்து வீங்கி சீழ் வைத்த பருவுக்கு அது அவ்வளவாக எடுபடாது. அங்கே பென்சாயில் பெராக்சைடுதான், பாக்டீரியாவையே கொல்லும். கடையில் 5%, 10% என்று இருந்தாலும் 2.5% வாங்குங்கள், பலன் ஏறக்குறைய அதேதான், எரிச்சல் குறைவு. (துண்டு, தலையணை உறையெல்லாம் வெளுத்துப்போகும், வெள்ளைத் துணியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.) வறண்ட சருமமா? இரண்டுமே காயவைக்கும், மாய்ஸ்சரைசர் இல்லாமல் தொடாதீர்கள். அப்புறம், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாலிசிலிக் பக்கமே போக வேண்டாம்.