ஆறு விழாவிட்டால் ஆப் ஏமாற்றுகிறதா? லூடோ, தாயம் ஆப்கள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கேரளத்தின் வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்து எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) வாசலில் கட்டம் வரைந்து தாயம் உருட்டுவதும் உண்டு, ஒரே போனைக் கைமாற்றி லூடோ ஆடுவதும் உண்டு. கட்டையில் பத்து முறை தாயம் விழாவிட்டால் "இன்னைக்கு நேரம் சரியில்ல" என்பவர்களே, போனில் பத்து முறை ஆறு விழாவிட்டால் "ஆப் ஏமாத்துது" என்கிறார்கள். நெடுநாள் ஆடிப் பார்த்ததில் எங்கள் முடிவு இது: பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் பகடை அல்ல. மீதியைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் கணக்கு. தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கம். இரண்டு கட்டைக்கு 16 விதமான விழுதல். அதில் தாயம் (ஒரு கட்டையில் 1, மற்றதில் 0) 2 விதம்தான், அதாவது 12.5%. பத்து முறை உருட்டியும் தாயம் வராமல் போக 26% வாய்ப்பு இருக்கிறது. லூடோ பகடையில் பத்து முறையும் ஆறு வராமலிருக்க 16%. இது ஒருவருக்கு. நான்கு பேர் ஆடினால், யாராவது ஒருவர் முதல் பத்து உருட்டலில் ஆறைப் பார்க்காமலே உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் நடக்கும். அந்த ஒருவர்தான் போனைத் திட்டுகிறார். மற்ற மூவரும் அவர் சொல்வதை நம்பிவிடுகிறார்கள்.

"சரியா வெட்டுற நம்பரையே போடுது" என்பது அடுத்த புகார். உங்கள் காய்க்குப் பின்னால், ஆறு கட்டத்துக்குள், எதிராளியின் மூன்று காய்கள் வெவ்வேறு தூரத்தில் நின்றால் ஒரே உருட்டலில் வெட்டுப்பட 50% வாய்ப்பு. மனிதர் சில நேரம் வெட்டைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிடுவார். கம்ப்யூட்டர் ஆட்டக்காரர் அப்படித் தவறவிடுவது அபூர்வம், அதனால் அதன் பகடை மட்டும் கூர்மையாகத் தோன்றும்.

சோதிக்கும் முறை: போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒருவர் உருட்ட இன்னொருவர் எழுதவேண்டும். 600 உருட்டல் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ராசியில்லாத நேரத்தில் எழுத ஆரம்பித்தாலோ, பிடித்த எண் வந்ததும் நிறுத்தினாலோ கணக்கே கெட்டுவிடும். ஆறுக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் உருட்டலையும் விடாமல் எழுதுங்கள். விழுந்த வரிசையிலேயே எழுதவேண்டும், வெறும் கோடு போட்டு எண்ணினால் போதாது. ஒவ்வொரு எண்ணும் 100 முறை வரவேண்டும். 82 முதல் 118 வரை இயல்பு. ஒரு எண் கொஞ்சம் வெளியே போனால் பதற வேண்டாம், ஆறு எண்ணில் ஒன்று அப்படிப் போவது சகஜம். இன்னொரு 600 உருட்டுங்கள். அதே எண் மறுபடியும் அதே பக்கம் விலகினால்தான் சந்தேகம்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், உண்மையான தில்லுமுல்லு இதில் மாட்டாது. ஆப் எண்களைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தாலும் மேலே சொன்ன சோதனை தேறிவிடும். அதற்காகத்தான் வரிசை. அடுத்தடுத்து ஒரே எண் விழுந்த இடங்களை எண்ணுங்கள்: 600 உருட்டலில் அதுவும் சுமார் 100 இருக்கவேண்டும். 60, 70 என்று நின்றால் திரும்ப வருவதை ஆப் தடுக்கிறது என்று பொருள். அதேபோல் ஓர் ஆறுக்கும் அடுத்த ஆறுக்கும் இடையே எத்தனை உருட்டல் என்று பாருங்கள். 60 காத்திருப்புகளில் பத்துக்கு ஒட்டியாவது பத்து உருட்டலைத் தாண்டவேண்டும். ஒன்றுகூடத் தாண்டவில்லை என்றால் ஆப் உங்களுக்குக் கைகொடுக்கிறது.

இப்படிக் கைகொடுப்பது பெரிய கேம்களிலும் உண்டு. பால்டர்ஸ் கேட் 3 கேமில் (2023) தொடர் தோல்வியை உடைக்கும் 'கார்மிக் டைஸ்' முதலிலேயே இயங்கும், செட்டிங்ஸில் நிறுத்திக்கொள்ளலாம். ஃபயர் எம்பிளம் என்ற போர் கேம் வரிசையில் 2002 முதல் பல கேம்கள் இரண்டு தற்செயல் எண்களின் சராசரியை எடுத்ததால், படும் வாய்ப்பு 90% என்று திரையில் காட்டிய அடி உண்மையில் 98% பட்டது. முதலாவதில் எங்களுக்குக் குறையில்லை. சொல்லிவிட்டுச் செய்கிறார்கள், நிறுத்தும் உரிமையும் நம் கையில். திரையில் ஓர் எண்ணும் உள்ளே ஓர் எண்ணுமாக வைப்பதை ஏற்க முடியவில்லை. அதில் பழகியவர் வேறு கேமில் 90% தவறினால் அந்தக் கேமைத்தான் சந்தேகிப்பார்.

ஆன்லைன் ஆட்டத்தில் எண் வருவது சர்வரிலிருந்து. மலை மறைவில் சிக்னல் போய்ப் போய் வரும் இடங்களில் பகடை நெடுநேரம் சுழலும், அதற்குள் நேரம் முடிந்து ஆப்பே காயை நகர்த்திவிடும். இதுவும் "ஏமாத்து" கணக்கில் சேர்ந்துவிடுகிறது. டவர் சரியாகக் கிடைக்காத வீட்டில் ஆஃப்லைனே மேல்.

ஆப் தேர்ந்தெடுக்கும்போது, விழுந்த எண்களின் பட்டியலைக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஆடும் இலவச க்னூ பேக்கமன் (பேக்கமன் என்ற பகடை ஆட்டத்துக்கான மென்பொருள்) இதில் எல்லாவற்றையும் விட ஒரு படி மேலே. கையால் உருட்டிய பகடையின் எண்ணை நாமே கொடுத்து ஆடலாம். லூடோ, தாயம் ஆப்களிலும் இந்த வசதி வந்தால், பித்தளைக் கட்டையை வாசலில் உருட்டிவிட்டுப் போனைக் கட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஓரம் தேய்ந்த பழைய கட்டையாக இருந்தால் அதையும் இதே நோட்டில் எழுதிச் சோதித்துவிடுங்கள்: 160 உருட்டலில் தாயம் 20 முறை, 12 முதல் 28 வரை இயல்பு.