எக்செடி கிளட்ச் கிட்: கொழுந்து மடுவத்தில் ஒரு ரோட்ஸ்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எக்செடி கிளட்ச் கிட் நல்லது. மலைநாட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் இதைப் படித்துவிட்டு வேலையில் இறங்குகிறவன் என்னைத் திட்டுவான், ஏனென்றால் என்னை இரண்டு சனி ஞாயிறு மல்லாக்கப் படுக்க வைத்தது பெட்டிக்குள் இருந்த சாமான் இல்லை, பெட்டிக்குள் இல்லாத சாமான்கள்.

வண்டி 1990 யூனோஸ் ரோட்ஸ்டர். ஊர் உலகம் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று சொல்வதுதான், ஜப்பானுக்குள் அப்போது யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். 1.6 லீட்டர் எஞ்சின், ஐந்து கியர், இரண்டே சீட், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஹட்டனில் இருந்துகொண்டு இப்படி ஒரு வண்டி வைத்திருப்பது பைத்தியக்காரத்தனம் என்று அக்கா சொல்வாள், மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. மழை பெய்தால் கூரை ஒழுகுகிறது, தோட்டத்து ரோட்டில் இறங்கினால் அடி தட்டுகிறது. ஆனாலும் விடியற்காலையில் கூரையைத் திறந்துபோட்டு, செயின்ட் கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே தலவாக்கலை வரை ஒருமுறை போய்வந்தால் ஒரு வாரத்துக்கு மனசு நன்றாக இருக்கும்.

கினிகத்தேனை ஏற்றத்தில்தான் முதலில் தெரிந்தது. நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மட்டும் சர்ரென்று ஏறுகிறது, வண்டி அதே வேகத்தில் நிற்கிறது, கூடவே கருகிய நாற்றம். கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கோ ஒரு கராஜில் பெயரில்லாத மலிவுப் பிளேட் ஒன்றைப் போட்டிருக்கிறார், அது முதல் நாளிலிருந்தே ஏற்றத்தில் எடுக்கும்போது வண்டி முழுக்க நடுங்கியது. நானும் அது வண்டியின் வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

கராஜில் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கேட்டேன். ஒருவர் வண்டியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார், இன்னொருவர் சொன்ன கூலிக்கு கிட்டும் வாங்கி நல்ல டோர்க் ரென்சும் வாங்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் பெரும்பாலும் உள்ளே வராமல் இருந்ததில் பழைய வண்டிகளுக்கெல்லாம் மவுசு ஏறிவிட்டது, அதோடு கூலியும் ஏறிவிட்டது. சரி, நாமே செய்வோம் என்று முடிவு.

சாமான் வாங்க கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குத்தான் போகவேண்டும், வேறு வழியில்லை. முதலில் போன கடையில் எம்எக்ஸ்-5 என்று சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், நானும் பில்லைக் கட்டி பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து அளந்தால் பிளேட் 215 மில்லிமீட்டர். அது பின்னால் வந்த 1.8 எஞ்சினுக்கு உரியது, 1.6-க்கு 200 மில்லிமீட்டர்தான். 1.8 கிளட்சைப் போடவேண்டுமென்றால் 1.8 பிளைவீலும் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம், அதில்தான் கிளட்ச் உட்காரும்) வேண்டும். திரும்ப கொழும்புக்கு ஒரு பயணம், மாற்றித் தரமுடியாது என்று ஒரு மணி நேர வாக்குவாதம், கடைசியில் பாதிக் காசு. யாருக்காவது உதவும் என்றால் சொல்கிறேன்: மாடல் பெயரைச் சொல்லாதீர்கள், எஞ்சின் அளவையும் பிளேட்டின் விட்டத்தையும் சொல்லி, கடையிலேயே ஸ்கேலை வைத்து அளந்து வாங்குங்கள்.

இரண்டாவது கடையில் எக்செடி கிடைத்தது. 1995 வரை இந்தக் கம்பனிக்கு டைக்கின் என்றுதான் பெயர், ஏசி போடும் டைக்கின் இல்லை, இது வேறு. எங்கள் ஊர் லேத் பட்டறை பாஸ் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு "தம்பி, இது பழைய டைக்கின்தானே, கண்ணை மூடிக்கொண்டு போடுங்க" என்றார். எனக்கு வந்த பெட்டியில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், பைலட் பெயாரிங், பிளேட்டை நடுவில் நிறுத்தும் பிளாஸ்டிக் குச்சி எல்லாம் இருந்தன. பிளேட்டின் ரிவெட்டுகளும் ஸ்பிரிங்குகளும் கையில் எடுத்துப் பார்க்கும்போதே வித்தியாசம் தெரிகிறது, கழற்றிய பழையதைப் பக்கத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த பிரச்சினை இடம். ஹட்டனில் மட்டமான தரை எங்கே இருக்கிறது? வீட்டு வாசல் சரிவு, ரோடு சரிவு, பக்கத்து வீட்டு வாசல் அதைவிடச் சரிவு. சரிவில் நான்கு ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி அதற்கு அடியில் படுப்பது தற்கொலை, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசியில் மாமா இருக்கும் தோட்டத்தில் பாவனையில் இல்லாத பழைய கொழுந்து மடுவம் ஒன்று ஞாபகம் வந்தது. கணக்கப்பிள்ளையிடம் சொல்லி இடம் வாங்கினோம். ஒருகாலத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்ட இடம், நல்ல சிமெந்துத் தரை, மேலே தகரம். உதவிக்கு அக்கா மகன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன்.

வேலை என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வண்டியில் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது, முதலில் அதைக் கழற்றவேண்டும். பிறகு உள்ளே இருந்து கியர் கம்பியை எடுக்கவேண்டும், அடியில் கியர் ஒயிலை வடிக்கவேண்டும், எக்சோஸ்ட் குழாயின் முன்பக்கத்தை விடுவிக்கவேண்டும் (இதன் நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு கழற்றும் ஒயில் அடித்து வையுங்கள், மூன்றில் ஒன்று எனக்கு உடைந்தே வந்தது). கியர்பொக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றுமுன் டிபரன்ஷல் (பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பெட்டி) பக்கத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் பூட்டலாம். ஒயிலை வடித்துவிட்டோம் என்று நம்பி ஷாப்டை உருவினால் மிச்சம் இருப்பது நேராக முகத்தில் கொட்டும். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்த வண்டிக்கே உரிய வில்லங்கம் ஒன்று உண்டு. கியர்பொக்ஸையும் டிபரன்ஷலையும் இணைத்து நடுவில் நீளமாக ஓர் அலுமினியச் சட்டம் ஓடுகிறது. இதைக் கழற்றினால் கியர்பொக்ஸின் வால் கீழே தொங்கிவிடும், அதனால் கழற்றுமுன்னே அடியில் ஜக் வைக்கவேண்டும். திரும்பப் பூட்டும்போது உயரம் சரியாக வரவில்லை என்றால் ஓடும்போது அதிரும். கழற்றுமுன் வண்டியின் அடிப்பாகத்திலிருந்து அந்தச் சட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தேன், அந்த ஒரு காரியத்தால் ஒரு நாள் மிச்சமானது.

கெட்ட வார்த்தை வரும் இடம் மேல் போல்ட்டுகள்தான். கியர்பொக்ஸை எஞ்சினோடு பிடிக்கும் போல்ட்டுகளில் மேலே இருப்பவற்றுக்கு எஞ்சின் பக்கத்திலிருந்து கை போகாது. ஜக்கைக் கொஞ்சம் இறக்கி எஞ்சினைப் பின்பக்கம் சாய விட்டு, எக்ஸ்டென்ஷனை ஒன்றோடு ஒன்று பூட்டி, நுனியில் வளையும் ஜொயின்ட் போட்டு, வண்டியின் வால் பக்கத்திலிருந்து கழற்றவேண்டும். என்னிடம் இருந்த எக்ஸ்டென்ஷன் ஒரு சாண் குறைவு. அந்த ஒரு சாணுக்காக ஹட்டன் டவுனுக்குப் போய்வந்ததில் முதல் சனிக்கிழமை முடிந்துபோனது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட்டும் இதே சாதிதான், இன்டேக் குழாய்களுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும், கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

கியர்பொக்ஸ் இறங்கியதும் மற்றது சுகம். பழைய பிளேட்டில் ரிவெட் தலை வெளியே தெரிந்தது. பிளைவீலில் நீலநீலமாக சூடேறிய திட்டுகள். அதை லேத்தில் கொடுத்து மெல்லிசாகச் சீவி வாங்கினேன், இதைச் செய்யாமல் புதுப் பிளேட்டைப் போட்டால் நடுக்கம் போகாது, கிட்டைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. பிளைவீல் வெளியே இருக்கும்போதே பின்னால் உள்ள எஞ்சின் ஒயில் சீலையும் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை, அது பிறகு கசிந்தால் இத்தனை வேலையும் மறுபடி. பைலட் பெயாரிங் பிளைவீலின் நடுவிலேயே இருக்கிறது, சீவக் கொடுத்தபோது பாஸ் அதையும் தட்டி மாற்றித் தந்துவிட்டார்.

புது பிரஷர் பிளேட்டில் துரு பிடிக்காமலிருக்க ஒயில் பூசி வரும், அதை பிரேக் கிளீனரால் நன்றாகக் கழுவித் துடைக்கவேண்டும். பிளேட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, மாற்றிப் போட்டால் கிளட்ச் விடாது. பல்லுப்பகுதியில் கிரீஸ் ஒரு துளி போதும், அதிகமானால் சுழலும்போது தெறித்துப் பிளேட்டில் படும். பிளைவீல் போல்ட்டுகள் 100 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கினேன், பிரஷர் பிளேட் போல்ட்டுகள் 20 சொச்சம்தான், அதையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக. கிட்டோடு வந்த பிளாஸ்டிக் குச்சி நடுவைச் சரியாகப் பிடித்தது, கியர்பொக்ஸைத் தூக்கி ஆட்டியதும் மூன்றாவது முயற்சியில் "டொக்" என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு மருமகன் கைதட்டினான். இரண்டு பேர் தூக்கக்கூடிய கனம்தான், ஆனால் ஒரு ஜக் கட்டாயம் வேண்டும்.

சிலேவ் சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை, பெடலை மிதிக்கும்போது வரும் திரவ அழுத்தத்தை வாங்கி கிளட்சை விடுவிப்பது அதுதான். கிளட்ச் கிட்டில் அது வராது, தனியாக வாங்கவேண்டும். இந்த வண்டிகளில் அது கசிவதற்குப் பேர்போனது, ரப்பர் தொப்பியை இழுத்துப் பார்த்தேன், உள்ளே கறுப்புத் தண்ணீர். மாற்றிவிட்டு, மருமகன் பெடலை மிதிக்க நான் கீழே குழாயில் நின்ற காற்றை எடுத்தேன். "மிதி", "பிடி", "விடு" என்று அரை மணி நேரம், மாமி கொண்டுவந்த பிளேண்டி ஆறிப்போனது.

இனி ஓட்டம். புதுக் கிளட்சுக்கு முதல் 500 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டவேண்டும் என்பார்கள், கொழும்பில் இருப்பவனுக்கு அது லேசு, இங்கே வாசலை விட்டு இறங்கினாலே ஏற்றம். ஆனாலும் ஹேண்ட்பிரேக்கை நம்பி ஓட்டினேன், பஸ்ஸுக்குப் பின்னால் ஏற்றத்தில் நிற்கும்போது அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கத்தை விட்டேன். இங்கே பிளேட்டைத் தின்பது அந்தப் பழக்கம்தான், பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் நின்றாலே நாற்றத்தில் தெரியும். பெடல் கனமாக இல்லை, கம்பனிப் பெடல் மாதிரியே இருக்கிறது, பிடிக்கும் இடம் தெளிவாகக் காலில் தெரிகிறது. நடுக்கம் சுத்தமாக இல்லை. மடுவத்துக்குப் போகும் தோட்டத்து ரோட்டில், ஈரக் கல்லில், ரிவர்ஸில் ஏற்றிப் பார்த்தேன், ஒரு கிளட்சுக்கு இதைவிட மோசமான பரீட்சை இங்கே கிடையாது, சத்தமில்லாமல் ஏறியது. பிறகு அதே கினிகத்தேனை ஏற்றத்தில் அதே நாலாவது கியர், முள்ளும் வண்டியும் சேர்ந்தே ஏறின.

ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு, ஏப்ரலில் நுவரெலியாவில் மககஸ்தோட்டை ஹில் கிளைம்பில் ஏறப்போகிறவர்களுக்கு, இது போதாது, அவர்களுக்கு வேறு கனமான கிட்டுகள் இருக்கின்றன. சாதாரணமாக ஓட்டுகிறவன் அந்த ரேஸ் கிட்டுகளை மலை ரோட்டில் போட்டால் இடது கால் வீங்கிவிடும், நெரிசலில் அழுதுவிடுவான்.

ஒரு விஷயம் மட்டும் முன்னமே தெரிந்திருக்கலாம். சிலேவை மாற்றி இரண்டு கிழமைகூட ஆகவில்லை, இப்போது பெடலுக்கு மேலே, சிலேவுக்கு அழுத்தம் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது, கார்ப்பெட்டில் ஈரம். புது சீல் கீழே அழுத்தத்தைப் பிடித்ததும் மேலே இருந்த பழசு தாங்கவில்லை போல. இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். நான் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன், இந்தமுறை ஸ்கேலோடு.