பிரிப்பதா, விட்டுவைப்பதா? இரண்டு ஓக் வீடுகள்

இங்கிலாந்தின் பழைய மரச்சட்டக வீட்டைப் பழுதுபார்க்க இறங்குகிறவர்கள் முதலிலேயே ஒன்றை முடிவு செய்ய வேண்டும். பின்னால் வந்தவர்கள் சேர்த்ததையெல்லாம் பிரித்தெடுப்பதா, அப்படியே விட்டுவைப்பதா? இரண்டுக்கும் நல்ல உதாரணங்கள் அங்கேயே இருக்கின்றன.

முதலில் பேலீஃப். கென்ட் மாவட்டத்துப் பண்ணை வீடு. நீர்த்தேக்கம் வந்ததால் 1960களின் கடைசியில் அதைக் கழற்றி, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். முளையடித்துக் கோத்த சட்டகம் என்பதால்தான் இது முடிந்தது. செங்கல் வீட்டை இப்படிக் கழற்றி மாட்ட முடியுமா? பிற்காலத்துப் புகைபோக்கியையும், கூடத்தின் குறுக்கே போட்ட மாடித் தளத்தையும் திரும்ப வைக்கவில்லை. வீடு இப்போது 1540 வாக்கில் இருந்த கோலத்தில் நிற்கிறது: கூடத்துத் தரையில் அடுப்பு, மேலே முகடுவரை வெறும் வெளி, கண்ணாடியில்லாத ஜன்னல்கள். புகை கூரைக்குள் சுற்றிக் கசிந்து வெளியேறும். புகைபோக்கி வந்தபின் அந்த உயரம் தேவையில்லாமல் போனது. நடுவில் தளம் போட்டு மாடி அறை எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்து முழுக்க நடந்த மாற்றம் இது. பேலீஃபில் அந்தக் கட்டம் மட்டும் காணாமல் போய்விட்டது.

அடுத்தது செஷயரில், அகழி சூழ்ந்த லிட்டில் மோர்ட்டன் ஹால். 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போன மாளிகை. 1559இல் ஜன்னல்களைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேல் தன் பெயரை அவற்றிலேயே செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம், யாருக்கோ ஆசை வந்து உச்சியில் ஒரு நீண்ட உலாவுக்கூடத்தை ஏற்றினார்கள். மேலே கனமான கல் பலகைக் கூரை வேறு. பாரம் தாங்காமல் கீழ்ச்சட்டகம் நெளிந்தது. பிற்பாடு இரும்புக் கம்பி கொடுத்து இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோணல்தான் இன்று பார்க்க வருகிறவர்களை முதலில் நிறுத்துகிறது.

1540இல் ஒரு குடியானவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரிய வேண்டுமா? பேலீஃபுக்குப் போங்கள். மோர்ட்டனில் அது கிடைக்காது. ஆனால் பின்னால் சேர்ந்ததை எடுத்துவிட்டால் வீட்டின் ‘ஆதி வடிவம்’ கிடைத்துவிடும் என்ற பேச்சு எனக்குச் சரிப்படவில்லை. பேலீஃபின் கூடம் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. வீட்டின் ஒரு முனை மட்டும் சுமார் 100 ஆண்டு கழித்து ஒட்டியது. ஆக, 1540 என்று தேதி குறித்தபோதே ஒரு மாற்றத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளிவிட்டார்கள். மோர்ட்டனும் சுத்தமில்லை: அஞ்சலட்டைகளில் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் பூச்சு 19ஆம் நூற்றாண்டு வழக்கம்.

சொந்த இடத்திலேயே நிற்கும் வீடென்றால் என் ஓட்டு மோர்ட்டன் வழிக்கே. 1970களின் கடைசியில் தொடங்கிய பழுதுபார்ப்பில், புதிதாக வைத்த ஓக் துண்டுகளுக்குக் கறுப்பு பூசவில்லை. எது பழசு, எது ஒட்டு என்று கீழே நின்றே சொல்லிவிடலாம்.